மூன்று ஊர் மாத்திரை

புனேயில், வாகட் பக்கம் நாங்கள் இருந்த குடியிருப்பில், தமிழ் வீடு என்றால் ஃபிரிட்ஜின் மேல் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா இருக்கும். ஐஸ்கிரீம் தீர்ந்து வருஷக்கணக்காகியிருக்கும். இப்போது அதில் மாத்திரை. அட்டை அட்டையாக வாங்கி, கத்திரியால் ரெண்டு ரெண்டாக நறுக்கிப் போட்டிருப்பார்கள். பெயர் ஒரு துண்டோடு போயிருக்கும், தேதி இன்னொரு துண்டோடு. "இது எதுக்கு?" என்று கேட்டால் "சளிக்கு" என்பார்கள். "அது?" "அதுவும் சளிக்குத்தான்." கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி இடம் மாறினால் நாள் முழுக்க உட்கார்ந்து தேடுகிறவர்கள்தான் எல்லாரும். வாயில் போடுகிற மாத்திரையில் மட்டும் ஒரு வரி படிக்கமாட்டார்கள்.

சென்னைக்குப் போய்விட்டு வருகிற யாரும் அந்த டப்பாவை நிரப்பாமல் வருவதில்லை. காபிப்பொடி, அப்பளம், முறுக்கு, அப்புறம் சளி மாத்திரை. புனேயில் மருந்துக்குப் பஞ்சமா? எங்கள் கேட்டில் நின்று கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு மெடிக்கல் கண்ணாடியில்தான் படும். ஆனால், "இங்க உள்ள மருந்து நம்ம உடம்புக்குக் கேக்காது" என்பது அவர்களுக்கு வேதவாக்கு. மருந்துக்குப் பாஷை தெரியும் என்று நம்புகிற இன்ஜினியர்களை நான் அங்கேதான் பார்த்தேன்.

நான் அவர்களைப் போல வந்து சேர்ந்தவள் இல்லை. புனேக்குப் பக்கத்திலேயே, தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு ராணுவ டெப்போவில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தொண்ணூறுகளில் எங்களுக்குச் சளி பிடித்தால், வீட்டிலிருந்து காலி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போகவேண்டும். தமிழன், மராட்டிக்காரன், பஞ்சாபி எல்லாருக்கும் ஒரே ஜாடியிலிருந்து அதே ரோஸ் கலர் தண்ணீர். அதில் மருந்து எவ்வளவு, பச்சைத் தண்ணீர் எவ்வளவு என்பது கம்பவுண்டருக்கும் ஆண்டவருக்கும்தான் வெளிச்சம். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் யார் உடம்பும் 'எனக்குத் தமிழ் மருந்து கொண்டா' என்று அடம்பிடித்தது கிடையாது, அவ்வளவுதான்.

கல்யாணம் ஆகி வாகட்டுக்கு வந்தபோது ஐஸ்கிரீம் டப்பாவும் என் கணவரோடு சேர்ந்தே வந்தது. அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான், சென்னையில் படித்து, ஹிஞ்சவடி ஐ.டி. பார்க்கில் வேலை கிடைத்து வந்தவர். டப்பாவை நிரப்பும் பொறுப்பு அவருடைய அக்காவுக்கு. என் நாத்தனார் சென்னையில் ஒரு பேங்கில் குமாஸ்தா. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அவர் குமாஸ்தா. குடும்பத்துக்குள் பார்த்தால் தலைமை மருத்துவர். புனேக்கு யார் ரயில் ஏறினாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, அவர் கையில் ஒரு பொட்டலம் ஏறிவிடும். பிறகு எனக்கு போன் வரும். "மஞ்ச மாத்திரை வச்சிருக்கேன். தும்மல் வந்ததும் போட்டுரு. அங்க உள்ள டாக்டர்கிட்டல்லாம் போய் நிக்காத." என் தமிழில் இந்தியும் மராட்டியும் கலந்திருப்பது அவருக்குப் பெரிய மனக்குறை. நான் ஒருமுறை 'பாஜி' வாங்கப் போகிறேன் என்றதற்கு, "காய்கறின்னு சொல்ல வாய் வராதாக்கும்?" என்று கேட்டவர். போகட்டும். என் வாய் எதைப் பேசினாலும், கண்டதை விழுங்காது.

என் கணவரின் நம்பிக்கை வேறு திசையில் இருந்தது. வேலை விஷயமாக முதல்முறை அமெரிக்கா போய் வந்ததிலிருந்து அவருக்கு இந்திய மாத்திரைமேலேயே இளக்காரம். வரும்போது சாக்லேட்டோடு ஒரு பெட்டி சளி மாத்திரையும் கொண்டுவந்தார். பகலுக்கு ஆரஞ்சு, இரவுக்குப் பச்சை. "அங்கெல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் விப்பான்" என்பார். அவரே டெஸ்ட் பண்ணி வாங்கியது போல ஒரு முகம். அக்காவின் மஞ்சள் ஒரு பக்கம், தம்பியின் ஆரஞ்சும் பச்சையும் மறுபக்கம் என்று அந்த டப்பாவுக்குள் ஒரு குடும்பமே குடியிருந்தது.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு குளிர்காலத்தில் என் கணவர் மறுபடியும் அமெரிக்கா போனார். அந்தச் சமயம் பார்த்து மாமா எங்களோடு தங்க வந்தார். மாமா என்றால் என் மாமனார். மின்சார இலாகாவில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்தபிறகு மகள் வீட்டில் கொஞ்ச காலம், மகன் வீட்டில் கொஞ்ச காலம் என்று இருந்தார். என்னோடு அதிகம் பேசமாட்டார். நான் ஹாலில் இருந்தால் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். பாத்ரூம் போவதற்குக்கூட நான் சமையலறைக்குள் போகிற நேரம் பார்த்துத்தான் எழுந்திருப்பார். மருமகள் முன்னால் கௌரவமாக இருக்கவேண்டும் என்பது அவர் வளர்ந்த முறை. நானும் அப்படியே இருந்துகொண்டேன்.

கிளம்புவதற்கு முன் என் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏதோ ரகசியம் மாதிரி சொன்னார். "அப்பாவுக்கு பிரஷர் இருக்கு. அப்புறம், பிராஸ்டேட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கு. மாத்திரை சாப்பிடுதாங்க. நீ கேட்டுக்கிட வேண்டாம், சங்கடப்படுவாங்க." இந்த விஷயம் நாத்தனாருக்கும் தெரியும், ஏனென்றால் சென்னையில் டாக்டரிடம் அழைத்துப் போனதே அவர்தான். கவனமாக இருந்தால் ஆபரேஷன் வேண்டாம் என்று அங்கே சொல்லியிருந்தார்களாம்.

மாமாவுக்கு ஆபரேஷன்கூடப் பயமில்லை. குழாய்தான் பயம். அவருடைய அண்ணன் கடைசிக் காலம் முழுக்க மூத்திரக் குழாயும் இடுப்பில் தொங்கும் பையுமாகக் கிடந்து போனவர். அவர் பேர் பேச்சில் வந்தாலே மாமா சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். "ஆண்டவர் எப்ப வேணாலும் கூப்பிடட்டும்மா. அண்ணனை மாதிரி பையோட மட்டும் கூப்பிடக் கூடாது" என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னார். எதற்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதது போல நான் ரசம் ஊற்றினேன்.

டிசம்பர் வந்தது. வாகட்டில் அப்போது பாதி கட்டடம், பாதி கரும்புக்காடு. காலையில் குளிர், பகலில் சிமெண்டுத் தூசி. மாமாவுக்குத் தும்மல் ஆரம்பித்து, மூக்கு ஒழுகி, இருமலும் லேசான காய்ச்சலும் வந்தது. ஊரில் இருக்கிற எல்லாருக்கும் வந்த சாதாரணச் சளி. வெந்நீரும் ஆவியும் ஓய்வும் கொடுத்தால் தானாக வந்தது தானாகப் போயிருக்கும். ஆனால் நம் ஆட்கள் ஒரு சளியைச் சும்மா விடுவார்களா?

நான் சிஞ்ச்வட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் பஸ் பிடிக்க ஓடிவிடுவேன். நான் போனபிறகுதான் வைத்தியர்கள் வரிசையாக போனில் வருவார்கள். முதலில் நாத்தனார், பேங்குக்குக் கிளம்புவதற்கு முன். "அப்பா, மஞ்ச மாத்திரையில ஒன்னு போடுங்க. விடாம போடணும், என்ன?" பிறகு காலிங் கார்டைத் தேய்த்துவிட்டு அமெரிக்காவிலிருந்து மகன். "அப்பா, ஆரஞ்சு போட்டீங்களா? தூங்கும்போது பச்சை. தண்ணி நிறையக் குடிங்க." அக்கா சொன்னது தம்பிக்குத் தெரியாது. தம்பி சொன்னது அக்காவுக்குத் தெரியாது. மாமா ரெண்டு பேரிடமும் "சரிப்பா", "சரிம்மா" என்பார். பெற்ற பிள்ளைகள் ஆசையாகச் சொல்வதை எப்படித் தட்டுவது? இது போதாதென்று, அவரே கீழே இறங்கி மெடிக்கலில் நின்று நெஞ்சைத் தொட்டு இருமிக் காட்டி ஒரு இருமல் சிரப் வாங்கிக்கொண்டார். அதோடு வந்த சின்ன அளவு மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, இருமல் வரும்போதெல்லாம் பாட்டிலோடு ஒரு மடக்கு.

இதையெல்லாம் அவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவர் மனதில் மஞ்சள் சளிக்கு, ஆரஞ்சும் பச்சையும் காய்ச்சலுக்கு, சிரப் இருமலுக்கு. ஆபீசில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு செக்‌ஷன் இருக்குமே, அதுபோல. ஒரே ஃபைல் மூன்று செக்‌ஷனுக்கும் போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேரும் படித்தவர்கள். அவர்களுக்கு அட்டையின் முன்பக்கத்துப் பெயரைப் படித்ததே பெரிய படிப்பு.

சனிக்கிழமை. எனக்குப் பள்ளி விடுமுறை. காலையில் எழுந்ததிலிருந்து மாமாவின் முகம் சரியில்லை. நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்றார். கண் செருகியது, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் தூங்கவும் இல்லை. எழுவதும் பாத்ரூமுக்குப் போவதுமாக இருந்தார். நான் ஹாலில் இருக்கும்போதே போனார். அதைப் பார்த்ததும்தான் எனக்குத் திக்கென்றது. என்னைத் தாண்டிப் பாத்ரூமுக்குப் போகிற ஆள் இல்லை அவர்.

உள்ளே குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்கும். தண்ணீர் வாளியில் கொட்டிக்கொண்டே இருக்கும். வாளி நிரம்பி வழிகிற சத்தமும் கேட்கும். வெளியே வரும்போது நெற்றியெல்லாம் வேர்வை, ஒரு கை அடிவயிற்றில். டிசம்பர் குளிரில் வேர்வை. வந்ததும் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடிப்பார். மகன் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறானே!

"மாமா, என்ன செய்யுது?"

"ஒன்னுமில்லம்மா. வாயு."

நாத்தனாருக்கு போன் போட்டேன். அதுதான் முறை, அவர்தானே தலைமை மருத்துவர். "வயிறு உப்பிசமா? ஓமத்தண்ணி குடு. பார்லித் தண்ணி ஒரு செம்பு காய்ச்சிக் குடு. அங்க உள்ள தண்ணி அப்பாவுக்கு ஒத்துக்கிடல. மஞ்ச மாத்திரையை மட்டும் நிறுத்திறாத" என்றார். அமெரிக்காவுக்குப் போட்டேன். என் கணவர் தூக்கத்திலிருந்து எழுந்து, "ரெஸ்ட் இல்லாமத்தான் இப்படி இருக்கும். அந்தப் பச்சை ஒன்னு குடு, நல்லாத் தூங்கிருவாங்க" என்றார். சொல்லிவிட்டு அவர் நன்றாகத் தூங்கப் போனார். தூரத்துத் தண்ணீர் ஆபத்துக்கு உதவாது என்பார்கள். இந்தத் தூரத்துத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

மாமா சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். உட்காரவும் முடியவில்லை, சாயவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்தும் வாய் வரவில்லை. மாமனாரைப் பார்த்து ஒரு மருமகள் அதை எந்த வார்த்தையில் கேட்பாள்? தமிழில் அதற்கு இருக்கிற வார்த்தைகளெல்லாம் ஒன்று குழந்தையிடம் பேசுவது, இல்லாவிட்டால் சண்டையில் பேசுவது. ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேலேயே ஆத்திரம் வந்தது. உயிர் போகிற வலியிலும் கைலியைச் சரிசெய்கிறாரே! பிறகு பயம் வந்தது. இந்த மனுஷர் என் வீட்டில், என் கண்முன்னால், கூச்சத்தாலேயே செத்துப்போவார் என்று பயந்தேன்.

கடைசியில் இங்கிலீஷில் கேட்டேன். வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும் குரலில்.

"மாமா, யூரின் பாஸ் ஆகுதா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே, மேலதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுப்பது மாதிரி சொன்னார்: "நோம்மா. சின்ஸ் எர்லி மார்னிங். கம்ப்ளீட் ஸ்டாப்பேஜ்."

அதற்குமேல் நான் யாருக்கும் போன் போடவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவை அப்படியே தூக்கிப் பையில் போட்டேன். சிரப் பாட்டிலையும் போட்டேன். ஆட்டோ பிடித்துச் சாங்விப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு விட்டோம். வழியெல்லாம் ஸ்பீட் பிரேக்கர். ஒவ்வொன்றிலும் ஆட்டோ ஏறி இறங்கும்போது மாமா என் கையைப் பிடித்தார். அதுவரை என் கையால் காபி டம்ளர்கூட நேராக வாங்கியதில்லை அவர், மேஜையில் வைக்கச் சொல்லித்தான் எடுப்பார்.

டாக்டர் மராட்டிக்காரர், நடுவயது. வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் நர்சைக் கூப்பிட்டார். திரையை இழுத்தார்கள். மாமாவுக்குக் 'கதீட்டர்' என்ற வார்த்தை காதில் விழுந்திருக்கவேண்டும். "வேண்டாம், குழாய் வேண்டாம்" என்று தமிழில் கத்தினார். அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கொஞ்ச நேரம்தான் மாமா, கொஞ்ச நேரம்தான்" என்று சொன்னேன். எனக்கு அது உண்மையா என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்று, பெருமூச்சு கேட்டது. வலி போய்விட்டது. ஆனால் பை வந்துவிட்டது.

டாக்டர் கையைக் கழுவிவிட்டு வந்து, "என்ன மருந்து சாப்பிட்டார்?" என்று கேட்டார். டப்பாவை அவர் மேஜைமேல் கவிழ்த்தேன். சந்தைக்கடை மாதிரி பரவியது. மாமாவைக் கேட்டுக் கேட்டு, இது இது இது என்று பொறுக்கி வைத்தேன். அவர் பேனாவை எடுத்து பெயர் மிஞ்சியிருந்த ஒரு மஞ்சள் அட்டைத் துண்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு நீளமான பெயரின் அடியில் கோடு போட்டார். அமெரிக்கப் பெட்டியின் பக்கவாட்டில் அதே வேலை செய்கிற இன்னொரு பெயரின் அடியில் கோடு. சிரப்பில் கோடு. பிறகு மூன்றிலும் இருந்த வேறொரு பெயரை எடுத்து மறுபடி கோடு போட்டார்.

"மூன்று ஊரிலிருந்து மூன்று பெயரில் வாங்கியிருக்கிறீர்கள். உள்ளே இருப்பது அதே ரெண்டு சாமான்" என்றார் இங்கிலீஷில். "ஒன்று மூக்கு ஒழுகலைக் காயவைக்கிற மருந்து. அது வாயையும் காயவைக்கும், தூக்கம் வரவைக்கும், மூத்திரப்பையைச் சோம்பேறி ஆக்கும். இன்னொன்று மூக்கடைப்பைத் திறக்கிற மருந்து. மேலே திறக்கும், கீழே வாசலை இறுக்கும். பிரஷரையும் ஏற்றும். பிராஸ்டேட் வீங்கின ஆள் இதில் ஒரு பங்கு எடுப்பதற்கே டாக்டரைக் கேட்கவேண்டும். இவர் எத்தனை பங்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. அதோடு மாத்திரை எல்லாவற்றிலும் பாராசிட்டமால். ஈரலுக்கும் ரத்தம் பார்க்கவேண்டும்." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இவருக்கு வைத்தியம் பார்ப்பது யார்?"

"ஒருத்தர் சென்னையில், ஒருத்தர் அமெரிக்காவில்."

"டாக்டர்களா?"

"ஒருத்தர் பேங்க். ஒருத்தர் சாஃப்ட்வேர்."

"அப்படியா? நான் யார் பணத்தையும் எண்ணுவதில்லை, யார் கம்ப்யூட்டரையும் திறப்பதில்லை" என்றார். எனக்கு அந்த மனுஷரை ரொம்பப் பிடித்துப்போனது.

காய்ச்சல் இருந்தால் வெறும் பாராசிட்டமால், அதுவும் அவர் எழுதிக் கொடுக்கிற அளவு. மூக்குக்கு உப்புத் தண்ணீர், ஆவி. இருமலுக்கு வெந்நீர். இதற்குமேல் ஒன்றும் கூடாது என்றார். பிரஷர் குறைந்து, மருந்தெல்லாம் உடம்பைவிட்டு இறங்கியதும் குழாயை எடுத்துப் பார்ப்பார்களாம். தானாகப் போனால் வீட்டுக்குப் போகலாம். போகாவிட்டால் மறுபடி குழாய், பையோடு வீடு, பிறகு ஆபரேஷன் யோசனை. மாமாவிடம் அதைத் தமிழில் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டில் ஓரத்தில் தொங்கின பையின்மேல் என் துப்பட்டாவைப் போட்டு மூடினேன். அவருக்கு முதுகுப்பக்கம் கண் இருந்திருக்கவேண்டும். "அண்ணன் கட்டில்லயும் இப்படித்தான் துண்டு போட்டு மூடி வச்சிருந்தாவ" என்றார்.

காத்திருந்த நாட்களில் போன் ஓயவில்லை. "உங்க மாத்திரையில உள்ளதும் அவங்க மாத்திரையில உள்ளதும் ஒன்னுதான் மதினி" என்று நாத்தனாரிடம் பொறுமையாகச் சொன்னேன். "நம்ம ஊர் மாத்திரை அப்படிச் செய்யாது பிள்ள. எத்தன வருசமா எல்லாருக்கும் குடுத்துட்டு வாரேன்!" என்றார். பிறகு ஊரெல்லாம் போன் போட்டு, புனே குளிரில் அப்பாவை மொட்டைமாடியில் நடக்கவிட்டது யார் என்று விசாரித்திருக்கிறார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதில் நாத்தனாரையும் சேர்த்துக்கொள்ளலாம். என் கணவரோ இன்டர்நெட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்துவிட்டு, "இப்படி ஆகுறது ரொம்ப ரேர்" என்றார். "சரி, அந்த ரேர் இப்ப மூணாவது கட்டில்ல படுத்திருக்கு" என்றேன். அந்தப் பெட்டியின் பக்கவாட்டில், பிராஸ்டேட் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது என்று பளிச்சென்று அச்சடித்திருந்தது. டெஸ்ட் பண்ணி விற்கிறவன் அதையும் எழுதித்தான் விற்கிறான். படித்துக் காட்டினேன். லைன் சரியில்லை என்றார்.

சளி அதுபாட்டுக்குப் போய்விட்டது. அதற்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. ரத்தத்திலும் கெடுதல் ஒன்றுமில்லை என்றார்கள்.

குழாய் எடுத்த நாள், மாமாவை வராந்தாவில் நடக்கச் சொன்னார்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வேறு நோயாளிகள், அவர்களைப் பார்க்க வந்த மராட்டிப் பெண்கள், தரை துடைக்கிற பெண் என்று வராந்தா நிறைய ஆட்கள். மாமா பாத்ரூமுக்குள் போனார், வெளியே வந்தார், இல்லை என்று தலையாட்டினார். மறுபடி போனார். மறுபடி இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அடுத்த ரவுண்டு வருவதற்குள் போகாவிட்டால் மறுபடி குழாய்தான். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. ஒரு சாதாரணச் சளிக்கு!

மாமா மறுபடி உள்ளே போனார். இந்தத் தடவை தண்ணீர்க் குழாயைத் திறக்கிற சத்தம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. நாத்தனார். "இன்னைக்குத்தானே எடுக்காங்க? பார்லித் தண்ணி குடுத்தியா, இல்லையா?" என்று ஆரம்பித்தார். "நான் அப்பவே சொன்னேன், நீ கேக்கல. நான் அங்கன இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

பாத்ரூம் கதவு படாரென்று திறந்தது. மாமா கைலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, அத்தனை பேர் முன்னாலும் நின்று கத்தினார்.

"யம்மா! மோண்டுட்டேன்! நல்லா, நெறைய மோண்டுட்டேன்!"

இங்கிலீஷ் இல்லை. வாயு இல்லை. வராந்தாவில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்துவிட்டது. தரை துடைக்கிற பெண் சிரித்துக்கொண்டு கையைக் கூப்பினாள். நான் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, வாய்விட்டு அழுதேன்.

போனில் நாத்தனார், "என்ன சத்தம் அங்க? யாரு கத்துதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க அப்பாதான் மதினி. யூரின் போயிட்டாம்" என்றேன்.

"அப்படிச் சொல்லு. பார்லிதான் கேட்டிருக்கு. மஞ்ச மாத்திரையும் உள்ள வேலை செஞ்சிருக்கும், உடனே தெரியாது."

மாமா பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அந்தக் குரல் போனைத் தாண்டி அவர் காதுவரை கேட்டிருக்கவேண்டும். கையை நீட்டி, என் கையிலிருந்தே போனை வாங்கினார்.

"ஏட்டி," என்றார். மகளிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "பார்லியும் இல்ல, ஒம் மாத்திரையும் இல்ல. நீயும் ஒந்தம்பியும் தெனமும் போன் போட்டியளே. மாத்திரை போட்டியளா, மாத்திரை போட்டியளான்னு கேட்டியளே. ஒருத்தராவது, 'அப்பா, ஒன்னுக்குப் போவுதா'ன்னு கேட்டியளா? இந்தப் பிள்ளதான் கேட்டா."